"ரொம்ப சுத்தம் பார்ப்பார்" என்று எழுதினால் போதுமா?

ஓசிடி (வேண்டாத எண்ணம் மறுபடி மறுபடி வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) நோயாளியின் கேஸ் ஷீட்டில் இந்த ஒரு வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? சுத்தம் பார்ப்பது பழக்கம், ஓசிடியோ நோய். சுத்தக்காரருக்குத் துடைத்து முடித்தால் திருப்தி. இவருக்கோ பதற்றம் சற்றே தணியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். தான் செய்வது அதிகப்படி என்று பெரும்பாலானோருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாமல் தவிப்பவரிடம் "மனசைக் கட்டுப்படுத்துங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பலருக்குக் கை கழுவும் தொல்லையே கிடையாது. ஒருவர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். இன்னொருவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார், முடியும்வரை பதில் வராது. அவரைத்தான் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுகிறோம்.

"செய்யாம விட்டா என்ன ஆயிடும்னு பயமா இருக்கு?" என்று கேளுங்கள். நோயின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது. நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் அலட்சியம் கூடாது. ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் எண்ணங்களுக்கு 5 கேள்வி, செயல்களுக்கு 5. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் கடுமை. மனசுக்குள் எண்ணுவதும் ஜெபிப்பதும் செயல் கணக்கில்தான் சேரும். அதை விட்டுவிட்டால் கடுமையான நோய்கூட லேசானதாகத் தெரியும்.

கை கழுவிக்கொண்டே இருப்பவரின் விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள்: வெடிப்பு, நீர்க்கசிவு, சீழ். கழுவுவது சோப்பிலா, பிளீச்சிலா என்று கேளுங்கள். உதடு வறண்டிருக்கிறதா? கழிப்பறைக்குப் போனால் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. எடையும் பாருங்கள்.

"குழந்தையைக் குத்திடுவேனோ" என்று கத்தியை ஒளித்து வைக்கும் தாய்க்கு இருப்பது பயம், நோக்கம் அல்ல. அவசரப்பட்டு ஆபத்தானவர் என்று முத்திரை குத்தினால், அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார். ஆனால் குரல் கேட்கிறது என்றாலோ, அந்த எண்ணம் சரிதான் என்று அவரே நம்பினாலோ உடனே மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

வார்டில் சேர்த்த அன்றே சடங்குகளை (திரும்பத் திரும்பச் செய்யும் அந்தச் செயல்களை) வலுக்கட்டாயமாகத் தடுக்காதீர்கள், பதற்றம் எகிறும். குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் கூடுதல் நேரம் விடுங்கள். குறைப்பது சிகிச்சைத் திட்டப்படி, படிப்படியாக நடக்கட்டும்.

வீட்டாரைத் தனியாக உட்கார வைத்து, "பூட்டியாச்சா?" என்ற கேள்விக்கு ஒரு நாளில் எத்தனை தடவை "பூட்டியாச்சு" என்று சொல்கிறார்கள் எனக் கேட்டு எழுதுங்கள். இந்த ஆறுதல் நோய்க்குத் தீனிதான், ஆனாலும் அன்பினால் சொல்கிறார்கள், கடிந்துகொள்ளாதீர்கள். அந்த எண்ணிக்கையும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.