ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

எலும்பை ரப்பர் மாதிரி இழுத்து நீட்ட முடியாது. கால் நீட்டும் அறுவை சிகிச்சையில் எலும்பை வெட்டுகிறார்கள். வெட்டு ஆறத் தொடங்கியதும், முழுக்க ஆறவிடாமல் இரண்டு முனைகளையும் மெல்ல விலக்கிக்கொண்டே போகிறார்கள். உடம்பும் சளைக்காமல் இடைவெளியை நிரப்பிக்கொண்டே வருகிறது.

இதை முறைப்படுத்தியவர் சைபீரியாவின் குர்கான் நகரத்து மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ். 1950-களில் அவர் செய்த கருவி, காலைச் சுற்றி உலோக வளையங்களும் எலும்பைத் துளைத்துச் செல்லும் மெல்லிய கம்பிகளும் கொண்டது. சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிதான் ஞாபகத்துக்கு வரும்.

வெட்டும்போதே கவனம் வேண்டும். எலும்பின் கெட்டியான வெளிப்புறத்தை மட்டும் வெட்டி, மேலே போர்த்திய சவ்வையும் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களையும் முடிந்தவரை காப்பாற்றுவார்கள். புது எலும்புக்குத் தீனி அங்கிருந்துதான் வர வேண்டும். அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் சும்மா விட்டுவிடுவார்கள். ரத்தம் உறைந்து, குணப்படுத்தும் செல்கள் வந்து கூடும் காலம் அது.

பிறகு கருவியின் நட்டுகளைத் திருப்பி வளையங்களை விலக்கத் தொடங்குவார்கள். ஒரு தடவைக்கு கால் மில்லிமீட்டர், நாளைக்கு நாலு தடவை. இடைவெளியில் உருவாகும் கொலாஜன் என்ற புரத இழைகள் இழுக்கும் திசையிலேயே, தறியில் பாவு நூல் போல வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் எலும்பாக்கும் செல்கள் இந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு நுண்ணிய தூண்களை எழுப்பும். அவற்றில் கால்சியம் படியும். தூண்களுக்கு நடுவே புது ரத்தக்குழாய்கள் ஓடும். சாதாரண முறிவு ஆறும்போது பெரும்பாலும் முதலில் குருத்தெலும்பு வந்து அப்புறம்தான் எலும்பாகும். இங்கே பெரும்பகுதி நேரடியாக எலும்புதான். நடுவில் மட்டும் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு இறுகாத இழைப் பட்டை ஒன்று இருக்கும். இழுப்பு நிற்கும்வரை அதை இறுக விடக் கூடாது.

வேகம் ஏன் ஒரு மில்லிமீட்டர்? இலிசாரோவ் நாய்களிடம் சோதித்துப் பார்த்தார். அரை மில்லிமீட்டரில் எலும்பு அவசரப்பட்டுக் கூடிவிட்டது. இரண்டில் ரத்தக்குழாய்கள் ஈடுகொடுக்கவில்லை, திசுக்கள் கெட்டன. தசையும் நரம்பும் கூடவே நீள வேண்டுமே! பெரும்பாலும் முரண்டு பிடிப்பவை அவைதான். அதனால்தான் தினமும் பிசியோதெரபி.

ஐந்து சென்டிமீட்டர் வேண்டுமென்றால் இழுப்பது ஐம்பது நாள். பொறுமை அதற்குப் பிறகுதான் தேவை. புது எலும்பு இறுக அதைப்போல் இரண்டு மடங்கு காலமாவது ஆகலாம். அதுவரை கருவி காலிலேயே இருக்கும். மருத்துவர் சொல்லும் அளவுக்குக் காலை ஊன்றி நடக்கவும் வேண்டும், பாரம் விழுந்தால்தான் எலும்பு தடிக்கும்.

கருவியைக் கழற்றிய பிறகும் உள்ளே வேலை ஓயாது. அவசரத்தில் தாறுமாறாகப் பின்னிய எலும்பை ஒரு வகைச் செல்கள் அரித்தெடுக்க, இன்னொரு வகை அடுக்கடுக்காகப் புதிதாய்க் கட்டும். அடைந்துபோன மஜ்ஜைக் குழாயும் குடைந்து திறக்கப்படும். ஒரு வருடத்துக்கு மேலும் இது நீளும். நன்றாக ஆறிவிட்டால், எங்கே வெட்டினார்கள் என்று எக்ஸ்ரேயில் கண்டுபிடிப்பதே கஷ்டம்.