நமக்கு நாமே திட்டம்: பழங்குடியினர் ஊர் கட்ட வேண்டியது ஐந்தில் ஒரு பங்குதான்

சேர்வராயன் மலையில் ஒரு சின்ன ஊர். நமக்கு நாமே திட்டத்தில் சமுதாயக் கூடம் கேட்டு மனு கொடுத்தார்கள், ஆறு லட்ச ரூபாய் எஸ்டிமேட் ஆனது. "மூணுல ஒரு பங்கு நீங்க கட்டணும், ரெண்டு லட்சம் கொண்டாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காபி பழம் பறிக்கிற கூலியில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, இரண்டு சீசன் முடிந்தும் ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டவில்லை. பணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது முழுக்க மலையாளிப் பழங்குடியினர் ஊர், அவர்கள் கட்ட வேண்டியிருந்தது 1,20,000 ரூபாய் மட்டும். தேவையான பணம் அவர்கள் கையிலேயே இருந்தது.

இன்னொரு ஊருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நமக்கு நாமே திட்டம் 1997-98இல் வந்தது. 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-22இல் பழைய பெயருக்கே திரும்பியது. ஊருக்குப் பொதுவான ஒரு வேலைக்கு மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பொதுவாக மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒன்று. இந்த இரண்டாவது வரியைத்தான் ஆபீஸில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை.

அதனால் முதலில் மனுவிலேயே எழுதுங்கள்: "எங்கள் குக்கிராமம் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதி, ஆகவே மக்கள் பங்களிப்பை ஐந்தில் ஒரு பங்காகக் கணக்கிட வேண்டும்." குக்கிராமத்தின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். ஊராட்சியின் பெயரை மட்டும் போட்டால் மொத்த ஊராட்சியின் மக்கள்தொகையை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு "நீங்க மெஜாரிட்டி இல்லை" என்று சொல்ல வழி கிடைக்கும். எஸ்டிமேட் வந்ததும் அதிலும் குக்கிராமத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். பணம் போடுகிற ஒவ்வொருவருடைய சாதிச் சான்றிதழும் வேண்டும் என்று கேட்டால் எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை நடக்கிற இடத்தில் யார் பெரும்பான்மை என்பதுதான் கேள்வி. பழங்குடியினருக்குச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர், தாசில்தார் இல்லை, அதற்கே எத்தனை மாதம் அலைய வேண்டும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அலைச்சலை இதற்குள்ளும் கொண்டுவர விடாதீர்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். கூட்டம் ஊராட்சியின் பெரிய ஊரில் நடக்கும், நம்மூரிலிருந்து அங்கே போக ஒரு நாள் கூலி போகும், அதனால் யாரும் போவதில்லை, நம்மூர் வேலையும் தீர்மானத்தில் ஏறுவதில்லை. ஒரு தடவையாவது ஜீப் பிடித்துக் கும்பலாகப் போங்கள், பெண்களும் வரட்டும். "சேர்த்துக்கிறோம்" என்று சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்க வந்தால் போடவே போடாதீர்கள். தீர்மான நகல் கையில் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் நம் சேலம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தபோது "தலைவர் இல்லை, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று பல ஊர்க்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அது தவறு. தலைவர் இல்லாத காலத்தில் அந்தப் பொறுப்பு தனி அலுவலருடையது, கிராம சபையும் நடந்தாக வேண்டும்.

மலைக்கே உரிய சிக்கல் வனத்துறை. "ஃபாரெஸ்ட் இடம், முடியாது" என்றதும் நம் ஆட்கள் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் என்று 13 வகை வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் கொடுக்கலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். டெல்லி வரை போக வேண்டியதில்லை, மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடியும். இதற்கு விண்ணப்பம் போட வேண்டியது வேலையைச் செய்கிற துறை. உங்களை ரேஞ்ச் ஆபீஸுக்கும் யூனியன் ஆபீஸுக்கும் மாற்றி மாற்றி அலையவிட்டால் இதைச் சொல்லுங்கள். கிராம சபைக்குப் போகும் அன்றைக்கே இதற்கும் தனியாக ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எஸ்டேட் இடமாக இருந்தால் முதலாளி வாயால் சரி என்று சொன்னது போதாது, ஊராட்சி பெயருக்குப் பத்திரம் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய பிறகு கேட்டைப் பூட்டுவார்கள்.

பணத்தை யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். யார் பெயருக்கு டி.டி. எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், எடுத்த டி.டி.யை ஜெராக்ஸ் போட்டு வைத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். "உங்க பங்கை நானே கட்டிடறேன்" என்று ஒரு காண்ட்ராக்டர் வருவார். அவர் போட்ட பணத்தை ஜல்லியிலும் சிமென்ட்டிலும் எடுப்பார், கேட்டால் காகிதத்தில் கட்டியது ஊர்க்காரர்கள் என்றுதான் இருக்கும். வேலையை ஊரே எடுத்துச் செய்ய வேண்டுமானால் செலவில் பாதியாவது ஊர் போட்டிருக்க வேண்டும், மலையில் அது எளிதில்லை. ஆனால் கல் இறங்குகிற நாளில் எஸ்டிமேட் நகலோடு போய் நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நிர்வாக அனுமதி தருவது கலெக்டர். ஒரு மாதமாகப் பதில் இல்லையென்றால் ஒரு திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, நம்பர் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். கேட்க வேண்டியது இரண்டே: எங்கள் கோப்பு இன்றைக்கு யார் மேஜையில் இருக்கிறது, அங்கே எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நான் எழுதிக் கொடுத்த மனுக்களில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய நிலை வந்தபோதுதான் பல கோப்புகள் நகர்ந்தன.