சூளை காணாத பளபளப்பு

வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, கண்ணாடிக் கதவு வைத்த பால்கனி. தரையில் மட்டும் பூப்போட்ட ஆத்தங்குடி டைல்ஸ். நகரத்து அபார்ட்மெண்ட்டுகளில் இப்போது இது சகஜம். தன் வீட்டு ஹாலுக்கும் இதையே யோசித்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: சூளையில் சுடுவதில்லை, மேலே மெருகுப் பூச்சும் இல்லை, பிறகு பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

கண்ணாடியிலிருந்து. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள ஆத்தங்குடியில் இந்தக் கல்லைத் தலைகீழாகத்தான் வார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் அறைகளில் நிறம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றிவிட்டு அச்சை எடுத்துவிடுவார்கள். அதன்மேல் மணலும் சிமெண்ட்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, கடைசியாக ஈரக் கலவையை வைத்துச் சமப்படுத்துவார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தத் தூவல்தான். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. ஆனால் வினைக்கு வேண்டிய அளவு மட்டும் நீர் விட்டால் கூழ் ஓடாது. கூடுதலாக விட்டால், அந்த நீர் இருந்த இடமெல்லாம் பிற்பாடு துளையாகிவிடும். உலர்ந்த தூள் அந்த மிகை நீரை முதுகுப் பக்கமாக உறிஞ்சிக்கொள்கிறது. துகள்கள் கண்ணாடியை ஒட்டி நெருங்கி அமர்கின்றன. வினையில் பிறக்கும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற பசை போன்ற கூழ்மம் மிச்ச இடுக்குகளையும் அடைத்து, கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது. வழவழப்பான பரப்பில் ஒளி அதிகம் சிதறாமல் திரும்புகிறது; பளபளப்பு என்பது அவ்வளவுதான். பிறகு கல்லைத் தொட்டி நீரில் ஊறப்போடுவதும் வினை தொடர்வதற்காகத்தான். காய்ந்தபின் கண்ணாடி தானே விட்டுவரும்.

இந்தத் தரை 'உடல் சூட்டை இழுத்து நோய் தீர்க்கும்' என்று சிலர் விற்கிறார்கள். சுத்த கப்ஸா. பாதத்தைவிடக் குளிர்ந்த எந்தக் கல்லும் பாதத்தின் வெப்பத்தைக் கடத்தும். விட்ரிஃபைட் டைல்ஸிலும் வெறுங்காலுக்குச் சில்லென்றுதான் இருக்கும். இந்தக் கதைகளுக்குச் செலவாகும் விளம்பரக் காசில் கொஞ்சம் தூளின் விகிதத்தை ஆராயப் போனால், செய்பவர்களுக்காவது உருப்படியாக இருக்கும்.

ஓபன் கிச்சன் பக்கம் மட்டும் இதைப் போட வேண்டாம் என்பேன். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. எலுமிச்சைச் சாறோ புளித் தண்ணீரோ சிந்தினால் அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்து, அந்த இடம் மட்டும் மங்கிவிடும். பாத்ரூம் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். அது நுண்துளைகளில் ஏறிப் பரப்பைச் சமன்செய்யும். தாராளமாக ஊற்றினால் தூசிதான் ஒட்டும்.