இது புதுச் சங்குதானா?

விசைப்படகு கரைக்கு வந்ததும் இறால், கணவாய், நண்டு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எதிலும் சேராதது சங்காயம். காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனமாகப் போகும் அந்தக் குவியலில்தான் ஆழ்கடல் நத்தைகள் பெரும்பாலும் கிடக்கும். இரண்டு விரல் நீளம், இரு முனையும் கூர்ந்த கதிர் போன்ற உடல், மேலே சேறு. அதைப் புரட்டிப் பார்த்து, 'இந்த மாதிரி பார்த்ததே இல்லையே' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். விலங்குப் பெயரிடல் விதிகள் தொடக்கமாகக் கொள்ளும் 1758 முதல் இன்றுவரை உலகில் வேறு யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை என்று நிரூபிப்பதுதான் வேலை. ஒரு புது உயிரினத்தின் மாதிரி கைக்கு வந்த நாளிலிருந்து அதன் விவரிப்பு அச்சேறும் நாள்வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலான மாதிரிகள் அந்தக் காலம் முழுக்க ஏதோ ஓர் அலமாரியில் காத்துக் கிடக்கின்றன.

இராமநாதபுரம் கரையில் முதல் சிக்கல் ஆழம். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் கடல் ஆழம் குறைவுதான். 200 மீட்டருக்குக் கீழே வாழும் நத்தை வேண்டுமென்றால் கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டித் தெற்கே போய் ஆழ்கடல் இறாலுக்கு மடி (இழுவலை) இழுக்கும் படகிலிருந்துதான் வரவேண்டும். மடி சில மணி நேரம் இழுபடுவதால் 'ஆழம் 280 மீட்டர்' என்று ஒற்றை எண் எழுதினால் அது பொய். மடி இறக்கிய இடம், ஏற்றிய இடம், இரண்டின் ஜி.பி.எஸ். எண்ணும் ஆழமும் வேண்டும். படகில் பாகக் கணக்கில் சொன்னால் அதையே எழுதிக்கொண்டு பிறகு மாற்றலாம்: 150 பாகம் என்றால் சுமார் 274 மீட்டர்.

இந்தத் தகவல் ஒரு துண்டுச் சீட்டில், பென்சிலால் எழுதப்பட்டு, பாட்டிலுக்கு உள்ளே போகவேண்டும். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும். சீட்டு இல்லாத சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்காட்சிக்குத்தான் ஆகும். இராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளில் கிடைப்பதை வைத்துப் புது இனம் அறிவிக்கத் தயங்குவதும் இதனால்தான். அங்கே வெளியூர், வெளிநாட்டுச் சரக்கும் இந்தக் கரைச் சரக்கும் ஒரே தட்டில் இருக்கும்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதையும் குறிக்கவேண்டும். நத்தையே உயிரோடு இருந்ததா, வெறும் ஓடா, துறவி நண்டு குடியேறிய ஓடா? நண்டு குடியிருந்தால் ஓடு கிடைத்த இடமும் நத்தை வாழ்ந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

உயிரோடு கிடைத்தால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். 300 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 10 முதல் 13 டிகிரி, படகின் தளத்தில் 30க்கு மேல். ஐஸில் நேராகப் புதைப்பது தவறு. உருகும் நன்னீர் உடம்பை ஊதவைக்கும். கடல்நீர் நிரப்பிய பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைப்பதே சரி. கரையில், லிட்டருக்கு 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு கரைத்த நன்னீரையும் கடல்நீரையும் சரிபாதி கலந்து அதில் விட்டால் உடம்பு தளர்ந்து வெளியே நீளும். அப்போது கொம்பு, கண், பாதத்தின் நிறம் எல்லாவற்றையும் படமெடுத்துவிடவேண்டும். எத்தனாலுக்குள் போனதும் நிறம் போய்விடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: நத்தையை அப்படியே 95 சதவீத எத்தனாலில் போட்டு மூடிவிடுவார்கள். நத்தை உடம்பை உள்ளிழுத்து வாய்மூடியை இறுக்கிக்கொள்ளும். எத்தனால் உள்ளே புகாது. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அழுகல்தான் மிஞ்சும். ஓட்டில் சிறு துளை போடலாம். மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடி வைத்து உடம்பைப் பிரித்து வெளியே எடுக்கும் முறையும் இப்போது பரவலாகிவிட்டது. நேரம் கூடினால் ஓடு வெடிக்கும். ஒருநாள் கழித்து எத்தனாலைக் கட்டாயம் மாற்றவேண்டும், உடம்பின் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். பார்மலின் மலிவுதான், ஆனால் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். நாளடைவில் அமிலமாகி ஓட்டையும் அரிக்கும்.

இனி ஓடு. வெர்னியர் காலிப்பரில் உயரம், அகலம், வாயின் உயரம் எல்லாம் எடுப்பது எளிது. கண் போகவேண்டிய இடம் உச்சி. நத்தை முட்டைக்குள்ளும் குஞ்சுப் பருவத்திலும் கட்டிய முதல் சுருள், கடுகை விடச் சிறியது, அப்படியே உச்சியில் ஒட்டியிருக்கும். அதைக் கருச்சுருள் என்று வைத்துக்கொள்வோம். நுண்ணோக்கியில் அது வழுவழுப்பாகத் தெரியும், அல்லது மெல்லிய வலைப்பின்னல் ஓடும். ஒரு கோட்டில் அது சட்டென்று முடிந்து, முதிர்ந்த ஓட்டின் வரிகள் தொடங்கும். அந்தக் கோடுவரை எத்தனை சுற்று என்று எண்ணவேண்டும். 3 சுற்றுக்கு மேல் இருந்தால், குஞ்சு பல நாள் கடலில் மிதந்து, மேய்ந்து வளர்ந்தது என்று கொள்ளலாம். 2க்கும் குறைவாக, உருண்டு பருத்திருந்தால் முட்டையின் மஞ்சள் கருவை உண்டே வளர்ந்து, அதிக தூரம் போகாமல் தங்கிவிட்டது. வெளி ஓடு அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தும் கருச்சுருள் வேறுபட்டால் அவை இரண்டு இனம் என்றே பெரும்பாலும் முடிவாகும். வருத்தம் என்னவென்றால், ஆழ்கடல் ஓடுகளில் உச்சிதான் முதலில் அரிபடும். பத்து ஓட்டில் ஒன்றில் உச்சி முழுதாக இருந்தாலே அதிர்ஷ்டம். அதை ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் குளியலில் சில நொடிக்கு மேல் விட்டு உடைத்துக்கொள்பவர்களும் உண்டு.

ஓட்டைப் படமெடுக்கும் முறைக்கு ஒரு மரபு இருக்கிறது: உச்சி மேலே, வாய் நம்மைப் பார்த்து. அப்படி வைத்தால் நம் ஊர் இடம்புரிச் சங்கின் (பால்சங்கின்) வாய் வலப்பக்கம் விழும், ஆகவே அறிவியலில் அது வலச்சுருள். கோயிலிலும் கடையிலும் உச்சியைக் கீழே வைத்துப் பிடிப்பதால் பெயர் தலைகீழாகிவிட்டது. கோடி கொடுத்தாலும் கிடைக்காது என்கிற வலம்புரி அறிவியலில் இடச்சுருள். அது தனி இனமும் அல்ல, அதே சங்கின் பிறவி மாற்றம். தமிழில் விவரிப்பு எழுதுகிறவர் 'வலம்புரி' என்ற சொல்லைத் தொடாமல் 'வாய் வலப்பக்கம்' என்று எழுதிவிடுவது நல்லது.

குஞ்சைப் புது இனமாக எண்ணி ஏமாறுவது இன்னொன்று. ஐவிரல் சங்கின் குஞ்சுக்கு விரலே கிடையாது, உதடும் விரியாது. முதலில் பார்ப்பவர் கூம்புச் சங்கு என்றே சொல்லுவார். ஆகவே வாயின் வெளி உதடு தடித்து, வளர்ச்சி முடிந்த ஓடா என்று பார்த்துவிட்டுத்தான் அளவு எடுக்கவேண்டும்.

உடம்பிலிருந்து எடுக்கவேண்டியது ரம்ப நாக்கு, அதாவது நத்தையின் வாய்க்குள் இருக்கும் பல் நாடா. வாய்த் தசையை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் சதை கரைந்து பல் வரிசை ஒட்டிய நாடா மட்டும் மிஞ்சும். அதிகம் ஊறினால் நாடா துண்டு துண்டாகும். புரோட்டினேஸ் கே நொதி மென்மையானது. அதே திரவத்திலிருந்து டி.என்.ஏ.வும் எடுக்கலாம் என்பதால் ஒரே ஒரு மாதிரி இருக்கும்போது அதுவே புத்திசாலித்தனம். நாடாவை விரித்து, தங்கம் பூசி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். சோவிக்கு வரிசைக்கு 7 பல், பால்சங்கின் கூட்டத்துக்கு 3. கூம்புச் சங்குக்கு நாடாவே இல்லை, நச்சு ஈட்டிகள்தான்.

டி.என்.ஏ.வில் வழக்கமாகப் படிப்பது சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துகள். அந்தத் துண்டைப் பிடித்துப் படியெடுக்க 1994இல் வடிவமைத்த பிரைமர்களே (சிறு டி.என்.ஏ. இழைகள்) இன்றும் ஓடுகின்றன, எல்லா நத்தையிலும் அல்ல. நத்தையின் சளி, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். வயிற்றில் கிடந்த இரையின் டி.என்.ஏ. வந்து குழப்புவதும் உண்டு, அதனால் பாதத்துச் சதையிலிருந்து எடுப்பார்கள். 'இத்தனை சதவீதம் வேறுபட்டால் புது இனம்' என்று ஒரு கோடு கிடையாது. எண் மட்டும் காட்டி ஓட்டைப் பற்றிப் பேசாத கட்டுரைகள் பின்னால் வருபவருக்குத் தலைவலி.

பிறகுதான் உண்மையான உழைப்பு: பழைய ஏடுகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்கக் கடலிலும் இலங்கையைச் சுற்றியும் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பல் ஆழத்தைத் துழாவியது. அதில் கிடைத்த சங்குகளை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எட்கர் ஸ்மித் விவரித்தார். சில வரி லத்தீன், சின்னதாக ஒரு படம், அவ்வளவுதான். நம் கையிலிருப்பது அவற்றில் ஒன்றா என்று அறிய லண்டனிலோ கொல்கத்தாவிலோ உள்ள மூல மாதிரியின், அதாவது எதை வைத்து அந்தப் பெயர் முதலில் சூட்டப்பட்டதோ அந்த ஓட்டின், புகைப்படம் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பியப் பாறை நத்தை 'லிட்டோரினா சாக்சாடிலிஸ்' சாட்சி. 1792இல் பெயர் பெற்ற அந்த ஒரே இனத்துக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் சூட்டப்பட்டன. அத்தனையும் செல்லாது, முதல் பெயரே நிற்கும்.

இதையெல்லாம் தாண்டினால் பெயர். மன்னாரிலிருந்து வந்தால் 'மன்னாரென்சிஸ்' எனலாம். ஆணைச் சிறப்பித்தால் ஈற்றில் 'ஐ', பெண்ணை என்றால் 'ஏ', ஆண்கள் இருக்கும் குழுவை என்றால் 'ஓரம்', பெண்கள் மட்டும் உள்ள குழுவை என்றால் 'ஆரம்'. உரிச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அஸ், அ, அம் என்று மாறும். தன் பெயரையே வைத்துக்கொள்ள விதி தடுக்கவில்லை, ஊர் சிரிக்கும். நம் பால்சங்கு 'டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767)' என்று எழுதப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரம் அல்ல. லின்னேயஸ் அதை 'வொலூட்டா' என்ற பேரினத்தில் வைத்தார், பின்னால் வேறு பேரினத்துக்கு மாறியது என்று பொருள்.

பெயர் செல்லுபடியாக, 2000 முதல், கட்டுரையில் புது இனம் என்ற வெளிப்படையான அறிவிப்பு வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரிக்கும் அடையாளங்களும், ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மூல மாதிரியும் (அல்லது சின்டைப் எனப்படும் மூல மாதிரித் தொகுப்பும்), அது எங்கே இருக்கிறது என்ற விவரமும் வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால் 2012 முதல் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் கட்டாயம். செய்தித்தாளில் முந்திக்கொண்டு பெயரைச் சொல்வது வீண். இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்றில் 2001இல் கிடைத்த இரும்புச் செதில் நத்தையின் பெயர் பல ஆண்டு செல்லாத பெயராகவே சுற்றியது, முறைப்படி விவரிக்கப்பட்டது 2015இல்தான்.

இந்தியாவில் இன்னொரு கடமை: 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி புது இனத்தை அறிவித்து, மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும். இந்திய விலங்கியல் அளவைத் துறை அவற்றில் முக்கியமானது. தேசியப் பூங்காவுக்குள் எடுத்தது என்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே இருக்கவேண்டும், பிறகு வாங்க முடியாது.

ஒப்படைத்த ஓட்டை மர அலமாரியில் வைக்கக் கூடாது. மரமும் அட்டையும் விடும் அமில ஆவி ஈரக் காற்றோடு சேர்ந்து சுண்ணாம்பைத் தின்னும். ஓட்டின்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பார்ப்பவர்கள் பூஞ்சை என்று துடைப்பார்கள், சில மாதத்தில் மறுபடி பூக்கும். 'பைன் (Byne) நோய்' என்று பெயர் இருந்தாலும் கிருமி எதுவும் இல்லை, வெறும் வேதியியல். அப்படிப் பூத்தால் ஓட்டைக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, இரும்பு அலமாரிக்கு மாற்றவேண்டும். சீட்டையும் அமிலமில்லாத தாளில் படியெடுத்து, பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் கூடவே வைப்பார்கள்.