பொன்னிறமாகிவிட்டால் கெட்டுப்போனது என்று பொருளல்ல: பழைய வெள்ளை ஒயினைக் குறித்து

பிரான்சில் உணவகங்களில் ஒயின் பரிமாறும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெட்டுவிட்டது என்று மேசையிலிருந்து திருப்பி அனுப்பப்படும் பழைய வெள்ளை ஒயின்களில் பலவற்றில் எந்தக் குறையும் இருப்பதில்லை. வெள்ளை ஒயின் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், அதைப் பனிக்கட்டி வாளியில் சில்லிட வைத்து, வாங்கிய வேகத்தில் குடித்துவிட வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

லுவார் ஆற்றங்கரையில், ஆஞ்சே நகருக்கு அருகிலுள்ள சவெனியேரில் இருக்கும் 'கூலே த செரான்' தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிஸ்டர்சியன் துறவிகள் 1130இல் கொடி நட்ட இந்தச் சரிவு ஏறத்தாழ 7 ஹெக்டேர்தான்; ஆனாலும் அதன் ஒயினுக்கெனத் தனிப் புவிசார் பெயருரிமையே உண்டு. ஆஞ்சேயில் பிறந்த உணவு விமர்சகர் கூர்னோன்ஸ்கி, பிரான்சின் ஐந்து தலைசிறந்த வெள்ளை ஒயின்களுள் ஒன்றாக இதை வைத்தார். 1980களிலிருந்து நிக்கோலா ஜோலி இங்கே ரசாயனத்தை ஒதுக்கி, வான்கோள்களின் சுழற்சியையும் கணக்கில் கொள்ளும் உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மை செய்துவந்தார்.

இங்கு விளையும் செனின் திராட்சையில் புளிப்பு மிகுதி. அந்தப் புளிப்புத்தான் ஒயினைப் பல்லாண்டுகள் தாங்கிப் பிடிக்கிறது. தக்கையின் வழியே நுழையும் மிகச் சிறிதளவு ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்ய, நிறம் அடர்ந்து பொன்னாகிறது. புதுப்பழ வாசனை பின்வாங்கி, தேன், தேன்மெழுகு, உலர்ந்த ஆப்ரிகாட், வறுத்த பருப்பு ஆகியவற்றின் மணம் எழுகிறது. தேன் மணத்தை நம்பி இனிப்பை எதிர்பார்த்தவர், நாவில் இனிப்பே இல்லாததைக் கண்டு முகம் சுளிப்பதும் உண்டு. அடியில் கண்ணாடித் தூள்போல் மின்னும் படிகங்கள் குளிரில் உறைந்த டார்ட்டாரிக் அமில உப்பு. அவற்றால் தீங்கு எதுவும் இல்லை.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் இந்த மணங்கள் எதுவும் வெளிவராது என்பதால், 12 முதல் 14 டிகிரி செல்சியஸில் அகன்ற கோப்பையில் பரிமாறுவதே முறை. கூலே த செரானைப் பல மணி நேரம் முன்பே திறந்து குடுவைக்கு மாற்றிக் காற்றாட விடலாம். எல்லாப் பழைய ஒயினுக்கும் இது பொருந்தாது. மிகவும் முதிர்ந்தவை திறந்த சிறிது நேரத்திலேயே சோர்ந்துவிடக்கூடும் என்பதால், முதலில் ஒரு வாய் சுவைத்துப் பார்த்த பிறகே குடுவையைத் தொடுவேன்.

உண்மையான குறைகளும் உண்டு. ஈர அட்டையின் நாற்றம் வந்தால் தக்கை கெடுத்திருக்கிறது. காடி நெடி மூக்கைக் குத்தினாலோ, அடிபட்ட ஆப்பிளின் வாசனையோடு சுவை தட்டையாக முடிந்தாலோ, தயங்காமல் திருப்பி அனுப்பலாம். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த வெள்ளை ஒயின்கள் பல, புகழ்பெற்ற தோட்டங்களிலிருந்து வந்தவை உட்பட, காலத்துக்கு முன்பே இப்படி ஆக்சிஜனேற்றம் அடைந்தன. ஆகவே பழைய புட்டி வாங்கும்போது லேபிளில் உள்ள ஆண்டைவிட, கழுத்தில் ஒயின் எவ்வளவு உயரம் நிற்கிறது, அது எங்கே, எந்த வெப்பநிலையில் கிடந்தது என்பதையே முதலில் விசாரியுங்கள். மட்டம் தோள்வரை இறங்கிய புட்டிக்கு முழு விலை கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.