மாக்கிங்பேர்ட்: கேலிப் பறவையா, பலகுரல் பறவையா?

ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் தலைப்பைத் தமிழில் சொல்லப்போனால் கடைசிச் சொல்லில் மாட்டிக்கொள்வோம். அகராதியில் 'மாக்' என்றால் கேலி என்று இருக்கும், உடனே 'கேலிப் பறவை' என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

'மாக்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். கேலி செய்வது, ஒருவரைப் போலச் செய்துகாட்டுவது, இரண்டுமே அதற்குப் பொருள். நம்முடைய 'பழிப்புக் காட்டுதல்' கூட அப்படித்தானே, எதிராளியைப் போலவே பேசிக்காட்டித்தான் சீண்டுகிறோம். ஆனால் இந்தப் பறவை யாரையும் சீண்டுவதில்லை. வட அமெரிக்காவில் வாழும், சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ மைனா அளவுள்ள இது மற்றப் பறவைகளின் குரலை எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதன் அறிவியல் பெயரில் வைத்த 'பாலிகுளோட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பல நாவுடையது என்று பொருள். மெக்சிகோவின் நாவாட்டில் மொழிப் பெயரோ இதை நானூறு குரல்காரன் ஆக்கிவிடுகிறது!

நாவலுக்கு வருவோம். களம் 1930களில் அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமா. வழக்கறிஞர் அட்டிகஸ் தன் பிள்ளைகளிடம், மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்கிறார். எதிர்வீட்டு மிஸ் மாடி சிறுமி ஸ்கவுட்டுக்குக் காரணம் சொல்கிறார்: அது யார் தோட்டத்தையும் அழிப்பதில்லை, நமக்காகப் பாடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. பிறகு டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, செய்யாத வன்புணர்வுக் குற்றத்துக்காக வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரியால் தண்டிக்கப்பட்டு, சிறையிலிருந்து தப்ப முயலும்போது பதினேழு குண்டுகள் பட்டுச் சாகும்போதுதான் அந்தப் பறவை யார் என்று நமக்கு உறைக்கிறது. அவனைப் போய்க் 'கேலி' என்ற சொல்லோடு சேர்க்க எப்படி மனம் வரும்?

துடுப்புவால் கரிச்சான் என்று எழுதலாமே என்றால், அதுவும் பிற பறவைகளின் குரலில் கத்தும்தான், ஆனால் அது நம் காட்டுப் பறவை, அலபாமாவில் கிடையாது.

நான் பரிந்துரைப்பது 'பலகுரல் பறவை'. மிமிக்ரிக்குப் 'பலகுரல்' என்று நாம் ஏற்கெனவே சொல்லிவருகிறோம், லின்னேயஸ் வைத்த பெயரோடும் பொருந்துகிறது. தலைப்பு 'பலகுரல் பறவையைக் கொல்வது' என்றாகும். முதல்முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் 'மாக்கிங்பேர்ட்' என்றும் போட்டுவிடுங்கள், சரியாக இருக்கும்.