காரைச் சுவரில் சித்திரம் ஏன் உரிகிறது?

பழைய தெருவொன்றில் சுவரோவியம் தீட்டி ஒரு மழைக்காலம் போகட்டும். மேல்பாதி புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். இடுப்பளவுக்குக் கீழே வண்ணம் கொப்புளித்து நிற்கும். விரல் பட்டால் சருகாய் நொறுங்கும், பின்னால் வெள்ளைப் பொடி. உடனே பெயின்ட் மட்டம் என்பார்கள். விலை உயர்ந்த பெயின்ட்டும் அங்கே இதே கதிதான்.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்கள் பலவற்றில் ஓதத் தடுப்பு (அடியிலேயே ஈரத்தை மறிக்கும் அடுக்கு) கிடையாது. மண்ணின் ஈரம் ஒரு மீட்டர் வரைகூட ஏறி, காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாகும். இன்று பரவலாக அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன், அதாவது பிளாஸ்டிக் படலமாகக் காயும் பெயின்ட், அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு வெளியே பூக்க முடியாமல் வண்ணத்துக்குப் பின்னால் படிகமாகி, காரையையே பெயர்த்துத் தள்ளும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது இன்னும் மோசம்: ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறும்.

வரையுமுன் 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஓதம் சுவரில்தான். தண்ணீர் தெளித்தும் பாருங்கள். உறிஞ்சாமல் முத்துமுத்தாக உருண்டால் ஏற்கெனவே யாரோ எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். விரல் கணுவால் தட்டும்போது பொள்ளல் ஓசை கேட்டால் காரை சுவரை விட்டு விலகிவிட்டது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

காரைக்கு ஏற்றது நிறம் கலந்த சுண்ணாம்பு அல்லது சிலிகேட் பெயின்ட் (பொட்டாசியம் சிலிகேட் கரைசலில் நிறம் கலந்தது). பின்னதற்கு ஜெர்மனியின் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்றார். அது காரையோடு வேதிவினை புரிந்து ஒட்டுவதால், பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டாமல் அடித்தால் வீண். சுண்ணாம்பைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, சுவரை நனைத்து, நாளுக்கு ஒன்றாக நான்கைந்து கோட் அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கோட்டில் முடித்தால் கையில் மாவாக ஒட்டும். காவி, மஞ்சள் காவி, குரோமிய ஆக்சைடு பச்சை தாங்கும்; பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பழுப்பாகிவிடும். காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால் மாதிரிக் கட்டம் போட்டுப் பார்ப்பது நல்லது. ஓவியர்களின் முணுமுணுப்பு நியாயம்தான்: அக்ரிலிக்கின் பளிச்சென்ற நிறம் இதில் கிடைக்காது.

இதுவரை வண்ணமே காணாத கல், செங்கல் முகப்பை விட்டுவிடுங்கள். படம் வேண்டுமானால் தனிப் பலகையில் தீட்டி, பின்னால் 25 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விட்டு மாட்டலாம். துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு, துளை சாந்து இணைப்பில் மட்டும். செங்கல்லில் போட்ட துளை போட்டதுதான்.